மீண்டும் வருக போடாத கார்டு

எங்கள் விசிட்டிங் கார்டை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். நீட்டினால் ஓர் அடி பின்னால் போவார்கள். "அங்க வைங்கம்மா, மேசை மேல வச்சுட்டுப் போங்க" என்பார்கள். வைத்துவிட்டு வந்தால், ஒன்று அது குப்பைக்குப் போகும், இல்லையென்றால் காலண்டருக்குப் பின்னால் போகும். காலண்டருக்குப் பின்னால் போவதுதான் எங்களுக்குச் சோறு போடும்.

நாங்கள் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறோம். இறந்தவரை வைக்கிற பெட்டி. கண்ணாடி மூடி போட்டு, கரண்டில் ஓடும். மகன் பிரான்சிலிருந்து வர வேண்டும், மகள் துபாயிலிருந்து வர வேண்டும் என்றால் அதுவரை உடம்பு கெடாமல் இருக்க வேண்டுமே. காரைக்காலில் தெருவுக்குத் தெரு வெளிநாட்டுப் பிள்ளைகள். ஆகையால் பெட்டிக்கு வேலை உண்டு. என்ன தொழில் என்று கேட்டுவிட்டு முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். சுளித்தவர்கள் வீட்டுக்கும் நாங்கள்தான் போயிருக்கிறோம்.

என் வீட்டுக்காரர் இந்தத் தொழிலுக்கென்று சில சட்டங்கள் வைத்திருந்தார். கார்டை யார் கையிலும் கொடுக்கக்கூடாது, பூக்கடையிலும் டீக்கடையிலும் வைத்துவிட்டு வர வேண்டும். "என்ன எழவு இது" என்று வீட்டில் யாரும் அலுத்துக்கொள்ளக்கூடாது. "எழவுதான் நமக்குச் சோறு போடுது. அத வச்சே திட்டுனா எப்படி?" என்பார். எல்லாவற்றிலும் பெரிய சட்டம், ‘வரேன்’ என்ற வார்த்தை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன் என்று யாரும் சொல்வதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இவர் அதற்கும் மேலே போனார். போனில்கூடச் சொல்ல மாட்டார். "வண்டி கிளம்பிருச்சுங்க" என்பார், அவ்வளவுதான். பெட்டி ஏற்றுகிற குட்டியானை வண்டிக்குள்ளும் அந்தப் பேச்சு கூடாது. கல்யாணம் ஆன புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. அப்புறம் எனக்கும் அதே பழக்கம் ஆகிவிட்டது.

போன மாசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "நீங்க சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுதும்மா, பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. சிலருக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தை தங்கும்" என்றார். இவருக்கு ஒன்று தங்கியது. என்ன வார்த்தை என்று நினைக்கிறீர்கள்? ‘வரேன்.’ ஊரில் இத்தனை வார்த்தை இருக்க, ஆயுசு முழுக்க எதை வாயில் வராமல் காத்தாரோ அதுதான் மிச்சம். பசித்தாலும் வரேன், பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் வரேன், என்மேல் கோபம் வந்தாலும் வரேன்.

முதல் மாதம் இதை நினைத்து அழுதேன். பிறகு அழவும் தெம்பில்லை. பெட்டியை நான்தான் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. வண்டி ஓட்டவும் ஒரு பக்கம் தூக்கவும் ஒரு தம்பி இருக்கிறான். மறுபக்கம் நான் பிடிக்கிறேன். காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓட வேண்டும். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இடுப்பு என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

பெட்டியோடு நான் வெளியே போய்விட்டால் வீட்டில் அவரும் அவர் போனும் மட்டும்தான். அந்தப் போனை இடது கையிலிருந்து இறக்கவே மாட்டார். சார்ஜ் போடும்போதும் பக்கத்திலேயே கை இருக்கும். ஒருநாள் நான் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். மனுஷர் அழுதுவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அதோடு அதைத் தொடுவதை விட்டுவிட்டேன். நான் வீட்டில் இருக்கும்போது மணி அடித்தால், அவர் கையிலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொள்வேன்.

ஊர் முழுக்கக் காலண்டருக்குப் பின்னால் இருக்கிற கார்டில் அவர் நம்பர்தான் இருக்கிறது. அதனால்தான் நெரவியில் அது நடந்தது.

நெரவியில் ஒரு விவசாயி வீடு. பெரியவர் விடிகாலையில் போய்விட்டார். மூத்த மகன் காலண்டரைக் கழற்றி, கார்டை எடுத்து, போன் அடித்திருக்கிறார். இவர் எடுத்து "வரேன்" என்றிருக்கிறார். நன்றாகக் கேட்டிருக்கிறது, தெளிவாகக் கேட்டிருக்கிறது. சித்திரை வெயில். வேறு யாரோ திருநள்ளாற்றுப் பக்கமிருந்து பெட்டி கொண்டுவருகிறேன் என்றபோது, "வேணாங்க, பெட்டிக்காரரு வரேன்னு சொல்லிட்டாரு" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் வாக்குக்கு அவ்வளவு மதிப்பு.

நான் அப்போதுதான் வேறொரு வீட்டிலிருந்து பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். அந்த மகன் பைக்கில் வந்து நிற்கிறார். சட்டை பூரா வேர்வை.

"மனுசங்களா நீங்க? வரேன்னு சொன்னாருல்ல? மத்தியானம் ஆயிருச்சு! எங்கப்பா கெடக்காரு அங்க!"

உள்ளே கை காட்டினேன். எட்டிப் பார்த்தார். நாற்காலியில் வாய் கோணி உட்கார்ந்திருந்தவர், ஆளைப் பார்த்ததும் "வரேன்" என்றார். அந்த மகன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை இறக்காமல் அப்படியே வண்டியைத் திருப்பி நெரவிக்குப் போனோம். அந்த வீட்டு அம்மா காலையிலிருந்து புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே இருந்திருக்கிறார். கை நிற்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்னொரு வீட்டில் இப்படி நடந்தால் தொழில் போவது இருக்கட்டும், அந்த வீட்டுச் சாபம் எங்களைச் சும்மா விடாது. பழைய கார்டை எல்லாம் தேடி எடுத்து, என் நம்பர் போட்ட புதுக் கார்டு வைக்க வேண்டும், அவர் நம்பர் அதில் இருக்கக்கூடாது. இதை மனதில் முடிவு செய்தேனே தவிர, அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனுஷனை உயிரோடு வைத்துக்கொண்டே கார்டிலிருந்து எடுக்கிறோமே என்று இருந்தது.

கார்டு அடிப்பது என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். அலையவிட்டார்கள்.

முதலில் போனிலேயே ஆர்டர் போட்டு அடிக்கலாம், வீட்டுக்கே வரும் என்று வண்டித் தம்பி சொன்னான். உட்கார்ந்து பார்த்தேன். தமிழில் பெட்டி என்று போட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் போய் நிற்கிறது. காரைக்கால் என்று போட்டால் அதுவாகவே அடியில் பெரிதாகப் புதுச்சேரி என்று போட்டுக்கொள்கிறது. எல்லையில் இருக்கிற பூவத்துக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்தால், பெட்டி பாண்டிச்சேரியிலிருந்து வந்து சேருவதற்குள் காரியமே முடிந்துவிடும் என்று வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போனை மூடி வைத்தேன்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து அங்கேயே அடித்துத் தருகிற கடை. சின்னப் பெண் ஒன்று உட்கார்ந்திருந்தது, மண்டபத்தூர்ப் பெண். வெளியே தம்பி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், வண்டியை நிறுத்த இடமில்லை. நான் அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடினேன். "ஐஸ் பெட்டி வாடகைக்கு விடப்படும். எவ்வளவு நேரமானாலும் கெடாது. எந்த நேரமும் கூப்பிடலாம். இந்த நம்பர். பார்க்க லட்சணமா ஒரு படம் போட்டுடும்மா" என்றேன். மாலையும் விளக்குமாக ஏதாவது போடும் என்று நினைப்பு.

சாயங்காலம் போய்ப் பார்த்தால், திரையில் கார்டு முழுக்க ஐஸ் கட்டி. அதன்மேல் ஒரு வஞ்சிரம் படுத்திருக்கிறது. பக்கத்தில் நாலு இறால்.

"என்ன எழ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "ஏம்மா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? மீன் எதுக்கும்மா?"

"நீங்கதானக்கா ஐஸ் பெட்டின்னீங்க? கெடாதுன்னீங்க? எங்கூருல ஐஸ் பெட்டின்னா மீனு வைக்கிறதுதாங்க்கா!"

அதுவும் சரிதானே. கரையில் பிறந்த பெண்ணுக்கு ஐஸ் பெட்டி என்றால் மீன்தான் தோன்றும், நெரவிப் பக்கம் சொன்னால் தலைமாட்டு விளக்குத் தோன்றும். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டது.

"யக்கா, தப்பா நெனைக்காதீங்க. எங்கண்ணன் கடலுக்குப் போயிருக்கு. அது கரைக்கு வர்ற வரைக்கும் நான் இதத் தொட மாட்டேன். வேற எடத்துல பாத்துக்கங்க."

கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது. "அண்ணன் நல்லபடியா கரை ஏறட்டும்மா" என்று எழுந்து வந்தேன். மறுநாளும் மூன்று இடம் ஏறி இறங்கினேன். ஒருவர் கடை புதிது, திறந்த சூட்டில் இது வேண்டாம் என்றார். இன்னொருவர் வெள்ளிக்கிழமை வராதீர்கள் என்றார். கார்டுக்கு நல்ல நாள் பார்க்கிறார்கள், சாவுக்கு யார் பார்க்கிறார்கள்?

கடைசியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பழைய அச்சகத்துக்கே போனேன். முன்பு கார்டு அடித்ததும் அங்கேதான். அச்சகக்காரருக்கு என் வீட்டுக்காரரை நன்றாகத் தெரியும், அண்ணன் என்பார். கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு நடுவே எங்கள் வேலையை வைக்க மாட்டார், அதற்கென்று தனியாக ஒரு ஸ்டூல் வைத்திருந்தார். அதனால்தான் வேறு கடை பார்ப்போமே என்று முதலில் ரோஷப்பட்டேன். ரோஷம் எல்லாம் மூன்று கடை ஏறி இறங்கியதில் வடிந்துவிட்டது. ஸ்டூலாவது கிடைத்ததே.

"அண்ணன் எப்படி இருக்காங்க அண்ணி?"

"இருக்காரு தம்பி."

"பழைய கார்டு மாதிரியே அடிச்சுரலாமா? அண்ணன் நம்பர்தான?"

"இல்ல தம்பி. என் நம்பர் மட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் நம்பரக் கீழ சின்னதா..."

"வேணாம் தம்பி. எடுத்துருங்க." அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, கேட்காததற்கு அவருக்குப் புண்ணியம்.

கார்டு கட்டு இரண்டு நாளில் வந்தது. வீட்டில் அவர் முன்னாலேயே பிரித்தேன். மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது, இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்குத் தெரியத்தான் போகிறது. மேலே ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பெட்டி, வண்டி, ஊர், என் நம்பர், எல்லாம் சரி. அடியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘நன்றி! மீண்டும் வருக.’

எல்லாக் கார்டையும் பிரித்தேன். எல்லாவற்றிலும் மீண்டும் வருக. நாற்காலியிலிருந்து அவர் இடது கையை நீட்டினார். ஒன்றைக் கொடுத்தேன். கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார். பிறகு தோள் குலுங்கியது. என்னமோ ஆகிவிட்டது என்று பதறிப்போய்ப் பார்த்தால், மனுஷர் சிரிக்கிறார். ஒரு பக்க வாயால், எச்சில் ஒழுக, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். மாசிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம். ஆள் உள்ளே அப்படியேதான் இருக்கிறார், எங்கேயும் போய்விடவில்லை என்று அப்போது தெரிந்தது.

சிரித்துக்கொண்டே அவர் விரல் கார்டில் மேலே போனது. நம்பரில் போய் நின்றது. ஒவ்வொரு எண்ணாக ஊர்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கார்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே வெறும் வெள்ளை. என்னைப் பார்த்தார்.

"வரேன்" என்றார். கார்டை விரலால் தட்டினார். "வரேன். வரேன். வரேன்."

"எங்க வரீங்க? யாரு வர்றது? நெரவியில அந்தம்மா நாளெல்லாம் ஒக்காந்து விசிறுனாங்களே, அதுக்கு யாரு பதில் சொல்றது? எனக்கு முடியலங்க!" என்று கத்திவிட்டேன். கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். திரும்பி வந்தபோது கார்டு அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. போனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அச்சகத்துக்குப் போனேன். கார்டுக் கட்டை ஸ்டூல்மேல் போட்டேன்.

"தம்பி, இது என்ன மீண்டும் வருக? ஒருத்தரு எத்தன தடவ தம்பி சாவுறது?"

அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயையோ அண்ணி! கறிக்கடை, பலகாரக்கடை, எல்லாக் கார்டுக்கும் அடியில அது தானா வந்து ஒக்காந்துக்கும். உங்களுக்கு எடுக்க மறந்துட்டேன். காசு வேணாம், நாளைக்கே வேற அடிச்சுத் தரேன்." பிறகு கொஞ்சம் இழுத்தார். "எப்படியும் திரும்ப அடிக்கப் போறோம். கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த நம்பர் யாருக்குத் தெரியும் அண்ணி? ஊருக்கெல்லாம் அண்ணன் நம்பர்தான் தெரியும். பழைய கார்டு எத்தன வீட்டுல கெடக்கோ. அத்தனையும் போயி எடுத்துட்டு வருவீங்களா?"

"அதுக்கு நான் என்ன செய்ய? போன கையில எடுத்தா அழுவுறாரு. எடுக்கலன்னா வரேன்னு சொல்லி வைக்கிறாரு. அந்தச் சிம்மக் கழட்டி என் போன்லயா போட்டுக்கச் சொல்றீங்க?"

ஆத்திரத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். என் போனில் இரண்டு சிம் போடலாம், இரண்டாவது இடம் காலியாகத்தான் கிடக்கிறது. போன் வேறு, நம்பர் வேறு என்பது இத்தனை நாள் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டிருப்பது போனைத்தானே. பஸ் ஸ்டாண்டு, மூன்று கடை, வஞ்சிரம் மீன், என் இடுப்பு வலி, எல்லாம் வீண். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

"பழைய நம்பரே போடுங்க தம்பி. அடியில ஒண்ணும் போடாதீங்க" என்றேன்.

வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னேன். "உங்க நம்பர் எங்கயும் போவல. ஊருக்கு அதுதான். கூப்புடுறவங்களுக்கு நான் பதில் சொல்றேன், நீங்க சொல்ற மாதிரியே சொல்றேன், வண்டி கிளம்பிருச்சுன்னு. உங்க போன் உங்ககிட்டயே இருக்கட்டும். அதுக்கு ஒரு புது நம்பர் வாங்கியாந்துருக்கேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்." ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் போனை நீட்டினார். சிம்மை மாற்றி அதே கையில் திருப்பி வைத்தேன். மறுநாள் வந்த கார்டில் விரலை வைத்து எண் எண்ணாகப் பார்த்து முடித்துவிட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கள் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

முதல் அழைப்பு பூவத்திலிருந்து வந்தது. என் போனில், அவர் நம்பரில். "பெட்டிக்காரர் வீடுங்களா?" என்று ஒரு பெண் குரல், அழுதுகொண்டே. "ஆமாங்க. வண்டி கிளம்பிருச்சுங்க" என்றேன். போய்ப் பெட்டியை இறக்கி, கரண்டு கொடுத்து, உடம்பை எடுத்து வைத்து, மூடியைத் துடைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தோம்.

வண்டி மெயின் ரோட்டுக்கு ஏறியதும் அவர் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து அந்தப் போன் ஒரு தடவைகூட அடித்திருக்காது. இனி அடிக்கவும் அடிக்காது, நான் கூப்பிட்டால்தான் உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை சாவுச் செய்தி வந்த போன். அந்த நாற்காலியில் அதைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. புது நம்பரை அடித்தேன்.

உடனே எடுத்துவிட்டார். மூச்சுச் சத்தம் கேட்டது. சொல்ல முயல்கிற சத்தம். பிறகு,

"வரேன்."

"நீங்க எங்கயும் வர வேணாம். அங்கயே இருங்க. நான்தான் வரேன். கேக்குதா? வரேன்" என்றேன்.

வண்டி ஓட்டுகிற தம்பி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த வண்டிக்குள் அதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.